வளர்ப்பு நாயை வேறு வீட்டுக்குக் கொடுக்கும்போது

நோர்வேயில் வளர்ப்பு நாயை இன்னொருவரிடம் ஒப்படைப்பதற்குச் சட்டப் பொறுப்பு உண்டு. 2010 சனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள விலங்குநலச் சட்டத்தின்படி, மனிதருக்குப் பயன்பட்டாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு விலங்குக்கும் தனக்கான மதிப்பு இருக்கிறது. நாயைக் கைவிட்டுத் தவிக்கவிடுவது குற்றம். அதற்கு அபராதமோ ஓராண்டு வரை சிறையோ, கடுமையான மீறலுக்கு 3 ஆண்டு வரை சிறையோ கிடைக்கலாம்.

வீட்டு விதி தடுத்தால்

வாடகை வீட்டில் நாய்க்குத் தடை என்பதற்காகவே அதைக் கொடுத்துவிட வேண்டியதில்லை. தகுந்த காரணம் இருந்து, வீட்டுக்காரருக்கும் அயலாருக்கும் தொல்லை நேராதவரை, தடையையும் தாண்டி நாய் வளர்க்க வாடகைச் சட்டம் இடமளிக்கிறது. ஒஸ்லோவில் நிறைந்திருக்கும் கூட்டுறவுக் குடியிருப்புகளுக்கும் இதேபோன்ற விதி உண்டு. வாடகைப் பிணக்குகளை அதற்கெனவுள்ள அரசுத் தீர்ப்புக் குழுவிடம் கொண்டுசெல்லலாம்.

யாரிடம் கொடுப்பது

நாயை ஒழுங்காகப் பராமரிக்கமாட்டார் என்று கருதக் காரணமுள்ளவரிடம் அதைக் கொடுக்கக் கூடாது. 16 வயதுக்குக் குறைந்தவரிடம் பெற்றோர் சம்மதமின்றி ஒப்படைக்கவும் கூடாது. “அன்பானது, துடிப்பானது” என்ற விளம்பர வரி மட்டும் போதாது. கதவு திறந்ததும் பாய்ந்து குழந்தையைக் கீழே தள்ளிவிடுகிறதா, தனியே விட்டால் அயல்வீடு வரை கேட்கும்படி ஊளையிடுகிறதா, நாளுக்கு எத்தனை மணிநேரம் ஓட வேண்டும் என்பதையெல்லாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மறைத்தால் நாய்தான் வீடு வீடாக அலையும். “இலவசம்” என்று கண்டதும் முதலில் அழைப்பவரிடமே கொடுத்துவிடாமல், அவர் வீட்டைப் பார்த்து, நாயோடு சேர்ந்து நடந்து பார்ப்பது நல்லது.

எழுத்தில் இருக்க வேண்டியவை

ஒப்பந்தத்தில் சிப் எண், தடுப்பூசி, நோய்கள், பழக்கங்கள், விலை, ஒப்படைத்த தேதி ஆகியவை இருக்க வேண்டும். சோதனை நாட்கள் உண்டென்றால், அதுவரை உரிமையாளர் யார், மருத்துவச் செலவு யாருடையது என்பதையும் எழுத வேண்டும். உரிமை மாறியபின், ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால், மனம் மாறியதற்காக நாயைத் திரும்பக் கேட்க முடியாது. சிப் பதிவேட்டிலும் புதியவரின் பெயர் ஏற வேண்டும்.

பிணக்கு வந்தால்

தனியாட்களிடையே பணத்துக்கு விற்றால் 1988ஆம் ஆண்டின் கொள்முதல் சட்டம் பொருந்தும். கடிக்கும் பழக்கத்தையோ நோயையோ மறைத்து விற்றிருந்தால், வாங்கியவர் விலைக்குறைப்போ, குறை பெரிதாயின் ஒப்பந்த ரத்தோ கேட்கலாம். குறை தெரிந்ததும் காலம் தாழ்த்தாமல் எழுத்தில் தெரிவிப்பது அவசியம். புதிய வீட்டில் நாய் வதைபடுவதாகத் தெரிந்தால், விலங்குநலத்தைக் கண்காணிக்கும் உணவுப் பாதுகாப்பு ஆணையமான மத்தில்சீனேயிடம் முறையிடலாம். பொருத்தமான வீடு அமையாவிட்டால், 1859இல் தொடங்கிய நோர்வே விலங்குப் பாதுகாப்புச் சங்கம் போன்ற அமைப்புகளின் உதவியை நாடலாம்.