நிறம் திரிந்த நிலக்காட்சி

முன்னொருமுறை கல்லூரி மலர் ஒன்றுக்குப் படங்கள் சேர்க்கும் பணியில் அடியேனும் பங்கு கொண்டேன். படப் பக்கங்கள் யாவும் கறுப்பு மையிலேயே அச்சாதல் வேண்டும் என்பது செலவு நோக்கி எடுக்கப்பெற்ற முடிபு. கோப்பாய்ப் பக்கத்துப் புகையிலைத் தோட்டமொன்றை, காலை இறைப்பு முடிந்த வேளையில், நான் வண்ணத்தில் எடுத்த படமும் அவற்றுள் ஒன்று. நனைந்த செம்மண், அதன்மேல் அகன்று விரிந்த இலைகள், அப்பால் பனைவரிசை, மேலே நீலவானும் இரண்டொரு வெண்முகிலும். மலர் வெளிவந்தபோது மண்ணும் இலையும் ஒரே சாம்பல் நிறமாகி, பாத்தி எது, வரம்பு எது என்று அறியவொண்ணாது கிடந்தன. கடல் கடந்து வாழும் முதிய பழைய மாணவர் ஒருவர் அதனைப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், இது எந்த ஊர்ப் பற்றைக்காடு?" என்று கேட்டார். அம்மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர் அவர். அக்கேள்வி என்னைப் பல நாள் வருத்திற்று.

நிறத்தை நீக்கினால் கறுப்பும் வெள்ளையும் தாமாகவே எஞ்சும் என்று பலரும் எண்ணுகின்றனர். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். இலக்கணத்தில் வைத்துக் கூறின், அதனைக் கெடுதல் விகாரம் என்று கொண்டுவிட்டோம். உண்மையில் அது திரிதல் விகாரம். ஒவ்வொரு நிறமும் ஏதேனும் ஒரு சாம்பற் சாயலாகத் திரிதல் வேண்டும். எந்நிறம் எச்சாயலாகத் திரிவது என்பதை எவரேனும் விதித்தே தீரல் வேண்டும். நாம் விதியாவிடின் இயந்திரம் விதித்துவிடும்.

இயந்திரத்தின் விதி யாது? எண்முறைக் கமரா ஒவ்வொரு புள்ளியையும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று எண்களாகப் பதிவு செய்கின்றது. 0 என்பது இருள். 255 என்பது நிறைந்த ஒளி. அமெரிக்காவில் 1953இல் வண்ணத் தொலைக்காட்சிக்கு ஒழுங்கு வகுத்தவர்கள், பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டிகளிலும் அக்காட்சி தெரிதல் வேண்டும் என்று கருதி, நூற்றுக்குச் சிவப்பில் 30, பச்சையில் 59, நீலத்தில் 11 பங்கு கூட்டும் முறையைக் கொண்டனர். மனிதக் கண்ணுக்குப் பச்சை மிக்க ஒளியுடையதாகவும் நீலம் மங்கலாகவும் தோன்றுவதே இதற்குக் காரணம். இம்முறை இன்றும் பரவலாக வழங்குகின்றது. என் படத்தில் மண்ணின் எண்கள் ஏறத்தாழ 170, 80, 50. இலையின் எண்கள் 70, 125, 60. மாணவர்கள் தாமே கூட்டிப் பார்க்கலாம். மண்ணுக்கு 104 வரும். இலைக்கு 101 வரும். கண்ணுக்கு இரவும் பகலும் போல வேறுபட்ட இரண்டும் தாளில் ஒன்றாகியது இவ்வாறுதான்.

இத்தொல்லை ஒளிப்படக் கலையோடு உடன்பிறந்தது. ஆதியில் வழங்கிய தட்டுகள் நீல ஒளியை மட்டுமே நன்கு உணர்ந்தன. ஆதலின் வானம் வெளிறி, முகில் அதனுள் மறைந்துபோகும். பிரெஞ்சுக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே 1850களில் கடலுக்கு ஒன்றும் வானுக்கு ஒன்றுமாக இரு தட்டுகள் எடுத்து, அவற்றை ஒரே தாளில் இணைத்து அச்சிட்டார். ஜெர்மனியரான வோகல் 1873இல், தட்டிற் சாயம் சேர்த்தால் அது பச்சை முதலிய ஒளிகளையும் உணரும் எனக் கண்டார். பின்னர் எல்லா நிறங்களையும் உணரும் தட்டுகளும் வந்தன. அதன்பின் வடிகண்ணாடிகள் பெரும் பயன் தந்தன. நிறக் கண்ணாடி தன் நிறத்தை உள்ளே விடும். எதிர் நிறத்தைத் தடுக்கும். 1927ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் கலிபோர்னியாவின் யோசெமிற்றிப் பள்ளத்தாக்கில் அன்சல் அடம்ஸ் என்பார் 'ஹாஃப் டோம்' என்னும் பெரும்பாறையை மஞ்சட் கண்ணாடி வழியே எடுத்தார். எடுத்த பின்னர், தாம் உணர்ந்த கம்பீரம் அதில் வாராது என்று தெளிந்து, ஆழ்ந்த சிவப்புக் கண்ணாடியை இட்டு மீண்டும் எடுத்தார். நீலவானம் ஏறக்குறைய கரிய வானாயிற்று. பாறை அதன் முன் நிமிர்ந்து நின்றது. கண்ட வானத்தை அவர் பொய்யாக்கினார் என்று குறை கூறுவாரும் உண்டாகலாம். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை.

அன்று கண்ணாடி செய்ததை இன்று கணினியில், படம் எடுத்த பின்னரும் செய்யலாம். விலையின்றிக் கிடைக்கும் 'கிம்ப்' என்னும் செயலியிலும் மூன்று பங்குகளையும் நாமே மாற்றும் வசதி உண்டு. சிவப்பை மட்டும் கொண்டால் என் படத்தில் மண் 170, இலை 70 ஆகும். இலை கறுத்து மண் ஒளிரும். பச்சையை மட்டும் கொண்டால் மண் 80, இலை 125. மண் கறுத்து இலை ஒளிரும். இரண்டிலும் பாத்தி தெளிவாகத் தெரிகின்றது. எதனைக் கொள்வது? கணிதம் இதற்கு விடை தராது. நண்பகலில் காய்ந்து கிடந்த தோட்டமாயின் முன்னையதைக் கொண்டிருப்பேன். நான் நின்றதோ இறைப்பு முடிந்த காலையில். மண் ஈரத்தால் இருண்டிருந்தது. இலைமேல் வெயில் விழுந்தது. ஆகவே பச்சையையே கொண்டேன். வானம் 160, முகில் 240 என நின்றமையால் முகிலும் பிழைத்தது.

இதில் அளவு கடத்தல் ஆகாது. வானைக் கறுப்பிக்கும் ஆசையால் நீலத்தின் பங்கை வெகுவாகக் குறைத்தால் வானெங்கும் மணல் தூவினாற்போலப் புள்ளிகள் தோன்றும். மூன்று பங்குகளும் சேர்ந்து நூறாக இருப்பின் படத்தின் பொது ஒளி பெரிதும் மாறாது. மூலப் படத்தை ஒருபோதும் அழித்தெழுதலாகாது. பிரதியிலேயே கைவைத்தல் வேண்டும். மலருக்குப் படம் அனுப்பும் பழைய மாணவர்கள், எடுத்த வேளையையும் அன்று மண் ஈரமோ காய்ச்சலோ என்பதையும் இரண்டு வரியில் எழுதி அனுப்பினால் தொகுப்போர்க்குப் பேருதவியாகும்.

திருத்திய படத்தை அம்முதியவருக்கு அனுப்பிவைத்தேன். "இறைச்சு முடிஞ்ச தோட்டம். உரும்பிராய்தானே?" என்று பதில் வந்தது. ஊர்தான் ஒன்று தள்ளிப் போயிற்று.