மலையில் சிந்தாத ஆயில்

பந்தயக் களத்தில் ஓடிவிட்டு வந்த காரின் பானெட்டைத் திறந்தால் நான் முதலில் தொட்டுப் பார்ப்பது ஏர் ஃபில்டர் டப்பாவின் அடிப்பக்கத்தை. விரலில் ஆயில் பிசுபிசுத்தால் பிரீதர் வழியாக ஆயில் போயிருக்கிறது. அதன் பிறகுதான் டிப் ஸ்டிக்கை உருவுவேன்.

ஆய்க்குடியில் பட்டறை வைத்திருப்பவனுக்கு இது அன்றாட வேலை இல்லை. இங்கே வருபவை டிராக்டர், ஷேர் ஆட்டோ, சீசனில் குற்றாலத்துக்கு ஓடும் வாடகை வேன், கார்த்திகை பிறந்துவிட்டால் புளியரை வழியாக மலையேறும் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள். ஆனால் தென்காசித் தம்பி ஒருவர் பழைய மாருதி எஸ்டீம் ஒன்றை ஆசையாக வைத்திருக்கிறார். கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில், பணம் கட்டிச் சொந்தக் காரை ஓட்டவிடும் நாட்களில் அதைக் கொண்டுபோய் ஓட்டுவார். ‘டிராக் டே’ என்பார்கள். அந்தக் காரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒருநாள் அவர் கேட்டார்: “அண்ணாச்சி, ஆரியங்காவு வரைக்கும் மலையேறி இறங்கினாலும் ஒரு சொட்டு குறையமாட்டேங்குது. அங்க போய் நாலு ரவுண்டு அடிச்சா அரை லிட்டர் காணாமப் போகுது. ரிங் போயிருச்சா?”

நல்ல கேள்வி. எஸ்டீமுக்கு மட்டுமல்ல, களத்தில் ஓட்டப்படும் எந்தக் காருக்கும் இது பொருந்தும்.

பெட்ரோல் எரிந்து பிஸ்டனைத் தள்ளும்போது, அந்த அழுத்தத்தில் கொஞ்சம் காற்று ரிங்குகளைத் தாண்டி கீழே கிராங்க்கேஸுக்குள் இறங்கும். புத்தம் புது இன்ஜினிலும் இறங்கும். பட்டறையில் இதை ‘பேக் கம்ப்ரஷன்’ என்போம். இறங்கிய காற்று வெளியேற வழி இல்லாவிட்டால் உள்ளே அழுத்தம் கூடி ஆயில் சீல்களைப் பிதுக்கிவிடும். அந்த வழிதான் பிரீதர். எங்கள் ஊர்க் கிணற்று ஆயில் இன்ஜினிலும் அது உண்டு. பழைய புல்லட்டில் இதைத் தெளிவாகக் காணலாம்: 346 சிசி ஒற்றை பிஸ்டன் ஒவ்வொரு முறை கீழே வரும்போதும் அத்தனை காற்றும் கிராங்க்கேஸில் நசுங்குகிறது. வெளியே விட்டு, திரும்ப உள்ளே வராமல் தடுக்க, வாத்தின் அலகு மாதிரி ஒரு ரப்பர் வால்வை பிரீதர் குழாய் முனையில் வைத்திருப்பார்கள்.

முன்காலத்துக் கார்களில் பிரீதர் ஒரு வெறும் குழாய்; தரையைப் பார்த்துத் தொங்கும். ஆயில் புகை ரோட்டில் போகும். 1960-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் காற்று மாசைக் குறைக்க, அந்தப் புகையை மறுபடி இன்ஜினே இழுத்து எரிக்கும்படி பிசிவி வால்வு வந்தது. இன்று நம் நாட்டிலும் பெட்ரோல் கார்களில் கிராங்க்கேஸ் காற்றை வெளியே விடக்கூடாது; எல்லாம் ஹோஸ் வழியாக இன்டேக்குக்குத் திரும்புகிறது. ரோட்டுக்கு நல்ல ஏற்பாடு. களத்தில் அதே ஹோஸ்தான் ஆயிலை இன்ஜின் வாய்க்குள் கொண்டுபோய் ஊற்றுகிறது.

ஊற்றும் விதம் இரண்டு. ஒன்று, புகையோடு கலந்த நுண்துளி. குற்றாலத்துச் சாரல் மாதிரிதான்: அருவி எங்கோ விழுகிறது, ஈரம் காற்றில் மிதந்து வந்து முகத்தில் படிகிறது. சுழலும் கிராங்க் அடித்துத் தெறிக்கவிடும் ஆயில் அப்படி மிதந்து வெளியேறும். வேகம் கூடக் கூட அது கூடும். ஆனாலும் இதில் போவது கொஞ்சம்தான்.

இரண்டாவது, ஆயில் திரவமாகவே பிரீதர் வாயில் போய் நிற்பது. அரை லிட்டர் காணாமல் போகிறது என்றால் நான் சந்தேகப்படுவது இதைத்தான். தம்பியின் கேள்விக்கு விடையும் இங்கேதான் இருக்கிறது.

புளியரைக்கு மேலே உள்ள எஸ் வளைவு மாதிரி ஒரு கொண்டை ஊசியில் பத்து மீட்டர் ஆரத்தை மணிக்கு 20 கிலோமீட்டரில் திரும்புகிறோம் என்று வையுங்கள். பக்கவாட்டில் தள்ளும் விசை புவியீர்ப்பில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. இன்ஜினும் 2,500, 3,000 ஆர்பிஎம்மில் சாவகாசமாக ஓடுகிறது. களத்தில் 80 மீட்டர் ஆரமுள்ள வளைவை 100 கிலோமீட்டர் வேகத்தில் எடுத்தால் அந்த விசை புவியீர்ப்புக்குச் சமமாகிவிடும். அப்போது உள்ளே இருக்கும் ஆயிலின் மேல்மட்டம் 45 டிகிரி சாய்ந்து நிற்கும். கால் வட்டம் திரும்பி முடிக்க நாலரை விநாடி. அந்த நாலரை விநாடியும் இன்ஜின் 6,000-க்கு மேல் கத்திக்கொண்டிருக்கிறது. ஆயில் பம்ப், இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு ஆயிலை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. மேலே போன ஆயில் கீழே இறங்க வேண்டிய துளைகள் ஒரு பக்கம் இருக்க, ஆயில் மறுபக்கம் ஒதுங்கிவிடுகிறது. கீழிருந்து மேலே வரும் பேக் கம்ப்ரஷன் காற்றும் அதே துளைகள் வழியாகத்தான் வர வேண்டும் என்றால், இறங்கப் பார்க்கும் ஆயிலையும் அது தடுக்கும். பிரீதர் வாய் ஹெட் கவரின் அந்தத் தாழ்ந்த ஓரத்தில் அமைந்துவிட்டால், காற்றுக்குப் பதில் ஆயிலே ஹோஸில் ஏறிவிடும்.

அதனால் ரிங்கைக் குறை சொல்வதற்கு முன் இன்ஜினைச் சோதிக்க வேண்டும். ஐடிலில் ஆயில் மூடியைக் கழற்றி, வாய்மேல் கவிழ்த்து வைத்தால் நல்ல இன்ஜினில் அது லேசாக நடுங்கும். தேய்ந்த இன்ஜினில் குதிக்கும். கையை வைத்தால் புகை அடிப்பது தெரியும். பிறகு கம்ப்ரஷன் கேஜ். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருக்கமாகக் காட்ட வேண்டும். எஸ்டீமில் நான்கும் நன்றாகவே இருந்தன. இந்த 1298 சிசி இன்ஜின் நம் நாட்டுப் பந்தயங்களில் நெடுங்காலம் உழைத்த ஜாதி; இதே 1.3 லிட்டர் வரிசைதான் ஜிப்ஸியிலும் இருந்தது. ரிங் மாற்றச் சொல்லி அவர் பணத்தைக் கரைக்க எனக்கு மனம் வரவில்லை, தேவையும் இல்லை.

டிப் ஸ்டிக்கில் விஷயம் இருந்தது. ‘அங்கே குறையும்’ என்று அவர் கிளம்பும்போதே மேல்கோட்டுக்கு மேலே நிறைய ஊற்றியிருந்தார். பலரும் இப்படிச் செய்கிறார்கள். வளைவில் இன்ஜினின் அடித்தொட்டியான சம்பின் ஓரத்துக்கு ஆயில் ஒதுங்கி, உறிஞ்சு குழாய் காற்றை இழுத்துவிடுமோ என்ற பயம் நியாயமானது. பிரஷர் விழுந்தால் பிக் எண்ட் பேரிங் சில நொடிகளில் போய்விடும். ஆனால் தடுப்புத் தகடு இல்லாத சம்பில் கூடுதலாக ஊற்றினால் கிராங்க் அதை அடித்து நுரையாக்கும். நுரை பிரீதரில் ஏறும். குறைகிறதே என்று மறுபடி ஊற்ற, மறுபடி ஏறும். இன்டேக்குக்குள் போன ஆயில் நீலப்புகை விடுவதோடு நிற்பதில்லை. பெட்ரோலின் ஆக்டேன் தாக்குப்பிடிப்பைக் குறைத்து நாக்கிங்கையும் வரவழைக்கும். சூடான இன்ஜினை நிறுத்தி, சமதரையில் ஐந்து நிமிடம் விட்டு, மேல்கோட்டுக்குச் சரியாக வைத்துவிட்டு ஓட்டச் சொன்னேன். அதிலேயே இழப்பு பெரும்பாலும் அடங்கிவிட்டது.

மிச்சத்துக்குத்தான் பிரீதர் ஹோஸில் வரும் ஆயிலைப் பிடித்துவைக்கும் கேட்ச் டேங்க். பளபளவென்று கடையில் கிடைக்கும் பல டப்பாக்கள் உள்ளே வெறும் காலி. ஒரு வழியில் நுழைந்த சாரல் மறுவழியில் அப்படியே போய்விடும். உள்ளே தடுப்புத் தகடோ கம்பி வலையோ இருக்க வேண்டும், துளிகள் மோதிச் சேர்ந்து கீழே வடிய. ஹோஸ் இன்ஜினின் பிரீதர் வாயைவிட ஒடுங்கக் கூடாது. ஹெட் கவரிலிருந்து மேல்நோக்கி ஏறிப் போக வேண்டும்; நடுவில் தொய்ந்தால் அங்கே ஆயில் தேங்கி வழியை அடைக்கும். டப்பா எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலைக் கம்பியால் கட்டி வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். சூட்டில் இளகி, ஆயில் எக்ஸாஸ்ட்மேல் விழுந்தால் தீதான்.

உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ, திறந்த பிரீதர் வைத்த பந்தயக் கார்களுக்கு 2,000 சிசி வரை இரண்டு லிட்டர், அதற்கு மேல் மூன்று லிட்டர் டேங்க் கட்டாயம் என்கிறது; உள்ளே இருப்பது வெளியே தெரியவும் வேண்டும். ரோட்டிலும் ஓடும் காருக்கு டேங்கிலிருந்து ஹோஸை மறுபடி இன்டேக்குக்கே சேர்த்துவிட வேண்டும். அதைத்தான் செய்தேன். டேங்கில் சேர்வதை மறுபடி இன்ஜினில் ஊற்றக் கூடாது. அதில் தண்ணீரும் எரியாத பெட்ரோலும் கலந்திருக்கும். ஆனி, ஆடியில் இங்கே குறுகிய தூரம் ஓடும் வண்டிகளின் ஆயில் மூடிக்குக் கீழே பால் நிறத்தில் படிவதும் இந்தத் தண்ணீர்தான்.

இதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது வேறு. கார்க்காரர் இழப்பது ஒரு டப்பா ஆயில். ஹோஸோ டேங்கோ கழன்று அது வளைவில் சிந்தினால் அடுத்து வருபவர் இழப்பது உயிர். இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990-ல் தொடங்கிய களத்திலும் சரி, செட்டிபாளையத்திலும் சரி, கார் ஓடிய அதே தாரில் பைக்குகளும் ஓடுகின்றன. சாய்ந்து திரும்பும் பைக்கின் டயர் தரையைத் தொடுவது உள்ளங்கை அகலத்துக்குத்தான். அதன் கீழே ஆயில் பட்டால் ஓட்டுபவர் பிரேக்கைத் தேடவும் நேரமிருக்காது. மஞ்சள், சிவப்புக் கோடு போட்ட கொடியை மார்ஷல் காட்டுவது இதற்காகத்தான். பிறகு ஓட்டத்தை நிறுத்தி, தூள் கொட்டிக் கூட்டி அள்ள வேண்டும். அந்தக் கொடி என் கையிலிருந்து போன வண்டியால் தூக்கப்படக் கூடாது. தம்பியிடம் இதைச் சொல்லித்தான் ஒவ்வொரு முறையும் சாவியைக் கொடுக்கிறேன்.

இப்போது ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் அவரே டேங்கைப் பார்த்து, டிப் ஸ்டிக்கை அளந்து, போனில் எனக்குச் சொல்கிறார். சேர்வது கால் டம்ளருக்குள். சம்பைக் கழற்றித் தடுப்புத் தகடு வைக்கும் வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. கேஸ்கெட் வந்துவிட்டது, ஐயப்ப சீசன் வண்டிகள் குறைந்ததும் தையில் அதை எடுத்துக்கொள்வோம்.