படகும் துர்நாற்றமும்

'நாற்றம்' என்னும் சொல் பண்டைத் தமிழில் நறுமணத்தையும் குறித்தது. பழைய அறைப்படகினுள் நுழைவார்க்கோ அதன் பிற்காலப் பொருளே விளங்கும். இதன் காரணம் யாதென ஆராய்வோம்.

இராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோவிலருகே பாறைகள்மீது பாயும் மலையாறு நாறுவதில்லை. அந்நீரே ஒரு குழியில் தங்கிச் சருகோடு அழுகுமாயின் முகஞ்சுளிக்கச் செய்யும். ஓட்டமும் காற்றும் இன்மையே காரணம். படகின் வடிகுழாயும் அத்தகைய குழியே. அதிற் கடல்நீர் தங்கின் கேடு மிகும். காற்று வேண்டாத நுண்ணுயிர்கள் அந்நீரிலுள்ள சல்பேட்டிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்குகின்றன. அழுகிய முட்டையின் வாடை இவ்வாயுவினுடையதே.

பரிகாரம் எளிது. படகை விட்டகலுமுன் குழாய்களில் நன்னீர் பாய்ச்சிக் கடல்நீரை வெளியேற்றுக. குளியல் நீர் சேரும் தொட்டியிலுள்ள மயிரையும் சோப்பழுக்கையும் நீக்குக. படகின் அடியில் தேங்கிய நீரை இறைத்து உலர்த்துக. 1775-ஆம் ஆண்டில் அலெக்ஸாண்டர் கம்மிங் காப்புரிமை பெற்ற கழிப்பறையில் அமைந்த வளைகுழாய் போன்றது படகில் இருப்பின், வளைவில் நீர் வற்றாமற் காக்க. அந்நீரே வாயுவைத் தடுக்கும் கதவு. முதிர்ந்த ரப்பர்க் குழாய்மீது வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்து, பின் துணியை முகர்க. நாறின் குழாயை மாற்றுக.

வாசனைத் தைலம் தெளித்தல் நோயை மறைப்பதேயன்றித் தீர்ப்பதன்று. மேலும், அவ்வாயு மிக்கவிடத்து மூக்கு உணர்விழக்கும். உயிருக்கும் இறுதி நேரலாம். வாடை தோன்றாமை அபாயமின்மைக்குச் சான்றாகாது. ஆதலின், நெடுநாள் மூடிய அறையின் கதவுகளைத் திறந்து காற்றை முதலில் உட்புகவிட்டு, பின்னரே நாம் புகுதல் வேண்டும்.