வேலையை விடுவதா, வேண்டாமா?

"பெரியம்மா, மூன்று மாதந்தான் ஆகிறது. இந்த உத்தியோகத்தை விட்டுவிடலாமா?" என்று கேட்டாள் என் தங்கை மகள். கொழும்பிலே ஒரு தனியார் வைத்தியசாலையில் தாதியாகச் சேர்ந்தவள் அவள். அவளுடைய பயிற்சிக்காகத் தகப்பனார் பட்ட கடன் இன்னும் தீரவில்லை. தாதியாகவே இருந்து ஓய்வுபெற்ற நான், "பொறுத்துக்கொள் பிள்ளை" என்றுதான் சொல்வேன் என வீட்டார் எண்ணியிருந்தனர்.

எதனைப் பொறுக்க முடியவில்லை என்றே நான் முதலிற் கேட்டேன். இராக் கடமையும், கால் கடுக்க நிற்பதும், மூத்த தாதியின் சுடுசொல்லும் எங்கே சென்றாலும் கூட வருவன. அவற்றுக்காக நானும் தலையணை நனைய அழுதவள்தான். அவள் சொன்னவையோ வேறு. இரவில் முப்பது நோயாளருக்கு அவள் ஒருத்தி. கையுறை கேட்டாற் செலவுக் கணக்குக் காட்டுகிறார்கள். கொடாத மருந்தைக் கொடுத்ததாகக் கையொப்பமிடச் சொல்கிறார்கள். பாவித்த ஊசி விரலிற் குத்தியபோது, "கழுவிவிட்டு வேலையைப் பார்" என்றார்களாம்.

எனக்கு உடல் நடுங்கியது. சவர்க்காரமிட்டுக் கழுவுவது முதற்படி மாத்திரமே. அந்த நோயாளியின் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும்; எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்து தேவைப்படின், 72 மணித்தியாலத்துக்குள், இயன்றளவு விரைவாகத் தொடங்கிவிட வேண்டும். நல்லவேளையாகத் தோழியொருத்தி அன்றே அவளை அரசாங்க வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றிருக்கிறாள்.

"புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் பொறுக்கவில்லையா?" என்றார் தகப்பனார். அம்மையார் 1854 நவம்பரில் 38 தாதியருடன் ஸ்கூட்டாரி இராணுவ வைத்தியசாலைக்குச் சென்றவர். அங்குள்ள குறைகளையெல்லாம் மந்திரி சிட்னி ஹேர்பேட்டுக்கு ஓயாது எழுதினார். அந்த மாரியில் தாதியர் எவ்வளவோ பாடுபட்டும் சாவு குறையவில்லை. 1855 மார்ச்சில் வந்த சுகாதாரக் குழுவினர் கழிவுநீர்க் கால்களைத் துப்புரவாக்கிய பின்னரே பெரிதுங் குறைந்தது. நம் பிள்ளைகளுக்கு விளக்கை மட்டுமே சொல்லிக் கொடுக்கிறோம், அந்தக் கடிதங்களைச் சொல்வதில்லை.

ஆகவே, பொய்க் கையொப்பம் இடாதே என்றேன். குறைகளைத் திகதியிட்டு எழுதிக் கொடு, பிரதியொன்றை வைத்துக்கொள். வேறிடம் தேடிக்கொண்டே, இரண்டு வாரம் பார். விலகுவதாயின் முறைப்படி அறிவித்து, சேவைக் கடிதமும் பெற்றுக்கொண்டு விலகு. நடு இரவில் மாத்திரம் எழுந்து போய்விடாதே, அந்த முப்பது பேரும் உன்னை நம்பிப் படுத்திருப்பவர்கள்.

எழுதிக் கொடுத்தாள். கையுறை வந்தது, இரண்டாவது தாதி வரவில்லை. அடுத்த மாதம் விலகுவதாக அறிவித்திருக்கிறாள். இன்றிரவும் அவளுக்குக் கடமை உண்டு.