செங்கலிலிருந்து லே வரை: புல்லட்டும் மூச்சும்

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் போகும் நெடுஞ்சாலைக்கு இன்று 66 என்று எண். நம் பெரியவர்களுக்கு அது இன்னும் 47-தான். அந்தச் சாலையோரக் கிராமங்களில், செங்கல் உட்பட, சில வருடங்களாக ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. இடவப்பாதி மழை தொடங்கும் சமயம் பார்த்து, இரண்டு மூன்று இளைஞர்கள் மோட்டார் சைக்கிளின் இருபுறமும் பைகளைக் கட்டி, முன்னால் ஒரு சிறு கொடியைச் செருகிக்கொண்டு புறப்படுகிறார்கள். எங்கே என்று கேட்டால் "லடாக்" என்று பதில் வருகிறது. பக்கத்துக் களியக்காவிளைச் சந்தைக்குப் போவது போன்ற குரலில்!

வீட்டில் அம்மை கேட்பாள்: "ஏ மக்கா, அந்த ஊர்ல நமக்கு ஆரு இருக்கா?" நியாயமான கேள்வி. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அந்தப் பக்கம் போக, நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம் நின்றது. அன்றிலிருந்து இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு ஊர்விட்டு ஊர் போவதென்றால் பிழைப்புக்காகத்தான். தில்லிக்கோ பெங்களூருக்கோ வளைகுடாவுக்கோ போவார்கள். போகுமிடத்தில் ஒரு மாமனோ சித்தப்பாவோ இருப்பார். பிழைப்பும் இல்லாமல், சொந்தமும் இல்லாமல், பனிமலையைப் பார்க்க மட்டும் ஒருவன் சம்பளத்தைச் செலவழித்துப் போகிறான் என்பது நம் வீடுகளுக்குப் புதுசு.

ஆசை எங்கிருந்து வந்தது என்று ஆராயத் தேவையில்லை. 2009-ல் வந்த "த்ரீ இடியட்ஸ்" இந்திப் படத்தின் கடைசிக் காட்சி பாங்காங் ஏரிக்கரையில் முடிந்தது. 2013-ல் வந்த "நீலாகாசம் பச்சக்கடல் சுவன்ன பூமி" என்ற மலையாளப் படத்தில் துல்கர் சல்மானும் சன்னி வெய்னும் கேரளத்திலிருந்து நாகாலாந்து வரை மோட்டார் சைக்கிளில் போனார்கள். அதன் பிறகு சொல்லவா வேண்டும்!

பிள்ளைகளைத் தடுப்பதற்காக இதை எழுதவில்லை. போகிற பிள்ளை திரும்பி வர வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். பெற்றோர் பயப்படுவது பள்ளத்தாக்கையும் லாரியையும். அந்தப் பயம் சரிதான். ஆனால் அதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. அது காற்றில் இருக்கிறது.

முதலில் உயரத்தைச் சரியாகப் புரிந்துகொள்வோம். நம் ஊரில் நின்று கிழக்கே பார்த்தால் தெரியும் அகஸ்தியர்கூடம் 1,868 மீட்டர். கேரளத்திலேயே உயரமான ஆனமுடி 2,695 மீட்டர். நீலகிரியின் தொட்டபெட்டா 2,637. லே நகரமோ சுமார் 3,500 மீட்டரில் இருக்கிறது. கடைத்தெரு, பள்ளிக்கூடம், விமான நிலையம் எல்லாம் உள்ள அந்த ஊர் ஆனமுடி உச்சியைவிட 800 மீட்டர் மேலே! அதற்கும் அப்பால், நுப்ரா பள்ளத்தாக்குக்குப் போகும் வழியில் கார்துங் லா கணவாய். அங்கே வெகுகாலம் 18,380 அடி என்று பலகை இருந்தது. நவீன அளவீட்டின்படி அது 5,359 மீட்டர், அதாவது ஏறக்குறைய 17,580 அடி. பலகை சொன்னதைவிட 800 அடி குறைவு. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை, மூச்சு வாங்குவது வாங்கத்தான் செய்யும். கிழக்கு லடாக்கில் எல்லைச் சாலைகள் அமைப்பு போட்ட உம்லிங் லா சாலை 19,024 அடி. 2021-ல் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது.

செங்கல் மகேஸ்வரம் கோயிலில் 2019-ல் திறக்கப்பட்ட 111 அடிச் சிவலிங்கத்துக்குள் சுற்றிச் சுற்றி ஏறினால் உச்சியில் கைலாயக் காட்சி இருக்கிறது. அங்கே ஏறுவதற்கே நம்மில் பலருக்கு மூச்சு முட்டுகிறது. அதுபோல் நூற்றைம்பது லிங்கங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் கார்துங் லாவை எட்டாது.

உயரத்தில் காற்றில் பிராணவாயுவின் பங்கு குறைவதில்லை, எங்கும் 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். லேயில் ஒரு மூச்சுக்கு நமக்குக் கிடைக்கும் பிராணவாயு கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. கார்துங் லாவில் பாதி. நுரையீரலும் இரத்தமும் இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் அதற்கு நாட்கள் வேண்டும். பணம் கொடுத்தோ வீரம் காட்டியோ அந்த நாட்களைக் குறைக்க முடியாது.

இது இந்திய இராணுவம் துயரப்பட்டுக் கற்ற பாடம். 1962 சீனப் போரின்போது சமவெளியிலிருந்து ஜவான்களை அவசரமாக மலையேற்றினார்கள். குண்டு படாமலே பலர் நோயுற்றனர். பின்னர் டாக்டர் இந்தர் சிங்கும் சக இராணுவ மருத்துவர்களும் இப்படிப் பாதிக்கப்பட்ட 1,925 ஜவான்களை ஆராய்ந்து 1969-ல் அமெரிக்காவின் பிரபல மருத்துவ ஏட்டில் கட்டுரை வெளியிட்டார்கள். இன்றும் உலகெங்கும் மலைநோய் பற்றி எழுதுவோர் அதை எடுத்துக்காட்டுகிறார்கள். கட்டுமஸ்தான, வயது குறைந்த ஜவான்கள் அவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். "எனக்கு உடம்பு கல்லு மாதிரி, ஜிம்முக்குப் போறேன்" என்று சொல்லும் பையனுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். உடல்பலம் மலைநோயைத் தடுப்பதில்லை. பலசாலி வேகமாக ஏறுகிறான், தலைவலி வந்தாலும் வெளியே சொல்வதில்லை. அதனால் அவனுக்குத்தான் அபாயம் அதிகம்.

அடையாளங்களைப் பெற்றோரும் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை: இவை முதல் எச்சரிக்கை. அந்த நிலையில் மேலே ஏறாமல் அங்கேயே தங்கினால் பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறுவதும் விடாத இருமலும் வந்தால் நுரையீரலில் நீர் கோக்கிறது என்று பொருள். குடித்தவன் போலத் தள்ளாடுவதும் பேச்சு குழறுவதும் வந்தால் மூளை வீங்குகிறது. இவை இரண்டுமே உயிரை வாங்குபவை. விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கீழே இறங்க வேண்டும். கீழே இறங்குவதுதான் முதல் மருந்து. ஆக்சிஜன் சிலிண்டர் அதுவரைக்கும் தாங்கு கட்டை. முன்கூட்டியே சாப்பிட மாத்திரை உண்டு. ஆனால் சல்பா மருந்து ஒவ்வாதவர்கள் இருக்கிறார்கள், எனவே டாக்டரைக் கேட்காமல் கூடாது. மலையில் மதுவும் தூக்க மாத்திரையும் அறவே வேண்டாம். குளிருக்கு ஒரு பெக் நல்லது என்பது அபத்தம்.

இனி வழிக்கு வருவோம். லேக்குச் சாலைகள் முக்கியமாக இரண்டு. ஒன்று ஸ்ரீநகர், கார்கில் வழி. ஏறக்குறைய 430 கி.மீ. மற்றது மணாலி வழி. ரோதாங் கணவாய் வழியாகப் போன காலத்தில் சுமார் 475 கி.மீ. நம் பையன்களில் பலர் மணாலி வழியைத்தான் விரும்புகிறார்கள். அங்கேதான் "சாகசம்" இருக்கிறதாம். மணாலி 2,050 மீட்டர். அங்கிருந்து ஒரே பகலில் 220 கி.மீ. போய் சர்ச்சுவில் கூடாரத்தில் படுத்தால் 4,290 மீட்டர். ஒரே நாளில் தூங்கும் உயரம் 2,200 மீட்டருக்கு மேல் கூடிவிடுகிறது! மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு என்ன? மூவாயிரம் மீட்டரைத் தாண்டியபின் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2020 அக்டோபர் 3-ஆம் தேதி 9 கி.மீ. நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. ரோதாங் கணவாயின் சேறும் நெரிசலும் இல்லாமல் பல மணி நேரம் மிச்சம். லாஹுல் பகுதி மக்களுக்கு, பனிக்காலத்தில் அடைபட்டுக் கிடந்தவர்களுக்கு, அது பெரிய வரப்பிரசாதம். ஆனால் மோட்டார் சைக்கிள்காரனுக்கு? முன்பு ரோதாங்கில் மல்லாடிவிட்டுக் களைத்துப்போய் கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ ராத்தங்குவான். சுமார் 3,100, 3,200 மீட்டர். உடம்பு கொஞ்சம் பழகும். இப்போது மதியத்துக்குள் அந்த இடங்களைக் கடந்துவிடுவதால் "இன்னும் வெயில் இருக்கு, சர்ச்சு வரை போயிடலாம்" என்று தோன்றுகிறது. சாலை நன்றாகிவிட்டதே இங்கு ஒரு ஆபத்து.

எனவே என் அபிப்பிராயம்: போகும்போது ஸ்ரீநகர் வழி, திரும்பும்போது மணாலி வழி. ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர். ஜோஜி லா கணவாய் 3,528 மீட்டர் என்றாலும் அதைக் கடந்து கார்கிலில் 2,700 மீட்டருக்குக் கீழே இறங்கித் தூங்கலாம். மறுநாள் போட்டு லாவில் 4,108 மீட்டர் ஏறி லேயில் 3,500-க்கு இறங்கலாம். உயரத்தைத் தொட்டுவிட்டுத் தாழ்வில் தூங்குவது உடம்புக்கு ஒத்துக்கொள்ளும். லேயில் இரண்டு முழு நாள் ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். கார்துங் லாவெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வண்டியைப் பற்றிச் சொல்லாவிட்டால் இளைஞர்கள் கோபித்துக்கொள்வார்கள். அந்த மலைகளில் அதிகம் காணும் புல்லட் நம்முடைய வண்டி. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ரெட்டிச் நகர ராயல் என்ஃபீல்டுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா கம்பெனியைத் தொடங்கி, சென்னை திருவொற்றியூரில் புல்லட்டை உருவாக்கியது. தாய்க் கம்பெனி இங்கிலாந்தில் மூடிப்போனது. திருவொற்றியூர்ப் பிள்ளை நிலைத்தது. 1994-ல் ஐஷர் குழுமம் வாங்கியது. பின்னர் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் புதிய ஆலைகள் வந்தன. 2016-ல் வந்த ஒரு மாடலுக்குப் பெயரே "ஹிமாலயன்". வங்காள விரிகுடாவின் உப்புக்காற்றில் பிறந்த வண்டி இமயமலையில் பேர் வாங்குகிறது!

அந்த வண்டிக்கும் மூச்சு வாங்கும். பழைய புல்லட் 350-க்கு 18 குதிரைத்திறன். கார்துங் லாவில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடச் சுமார் நாற்பது சதவீதம் குறைவு. அந்த விகிதத்தில் சக்தியும் போய்விடும். பத்துப் பதினொன்று குதிரைதான் மிஞ்சும். கார்புரேட்டர் கீழ்நாட்டுக் கணக்கிலேயே பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருப்பதால் புகை கறுக்கும், பிளக் கரி பிடிக்கும். புதிய வண்டிகளில் கார்புரேட்டர் இல்லை. சென்சார் காற்றை அளந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது. புகை நின்றது, சக்திக் குறைவு நிற்கவில்லை. மனிதனுக்கு அந்தச் சென்சார்கூடக் கிடையாது.

மணாலி வழியில் தாண்டி என்ற இடத்தில் ஒரு பெட்ரோல் பங்கு உண்டு. அடுத்த பங்கு 365 கி.மீ. அப்பால் என்று அங்கே வெகுகாலம் பலகை வைத்திருந்தார்கள். புல்லட் டாங்கு பதின்மூன்று பதினான்கு லிட்டர். ஏற்றத்தில் மைலேஜ் குறையும். கூடுதலாக ஒரு கேன் பெட்ரோல் வேண்டும். பனி உருகி வரும் ஓடைகள் சாலைக்குக் குறுக்கே ஓடும். காலையில் கணுக்கால் அளவு இருப்பது வெயில் ஏறியதும் முழங்காலைத் தொடும், ஆகவே ஓடைகளை முற்பகலில் தாண்டிவிட வேண்டும். இந்தச் சாலைகளைப் பராமரிக்கும் கூலிகளில் பெரும்பாலோர் ஜார்க்கண்டின் தும்கா பக்கத்திலிருந்து வந்தவர்கள். நம்மைப் போலவே பிழைப்புக்காக ஊர்விட்டு வந்தவர்கள், தார் டின்னுக்குப் பக்கத்தில் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு நிற்பார்கள். பிள்ளைகள் வண்டியை நிறுத்தி ஒரு பிஸ்கட் பொட்டலமாவது கொடுத்துவிட்டுப் போனால் நல்லது.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற மருமக்களும் பேரன்மாரும் லீவுக்கு வந்து "நானும் வாறேன்" என்றால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நுப்ரா, பாங்காங் பகுதிகளுக்கு அவர்களுக்குத் தனி அனுமதி தேவை. லேயில் ஏஜெண்டு மூலம் வாங்கலாம். பல இடங்களில் போனுக்குச் சிக்னல் கிடைக்காது. இரண்டு நாள் அழைப்பு வரவில்லையென்றால் வீட்டில் அழுது புரள வேண்டாம். போகும் முன்பே எந்த நாள் எங்கே என்று ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக லீவு கணக்கு. எல்லா அவசரத்துக்கும் மூலகாரணம் இதுதான். செங்கலிலிருந்து நாகர்கோவில், மதுரை, பெங்களூர், ஹைதராபாத், நாக்பூர், தில்லி வழியாக ஸ்ரீநகர் போய்ச்சேர மூவாயிரத்து எழுநூறு கி.மீ.க்குக் குறையாது. நாளைக்கு 400 கி.மீ. ஓட்டினாலும் பத்து நாள். நாக்பூரில் மே மாத வெயில் 45 டிகிரியைத் தொடும். பதினைந்து நாள் லீவு போட்டவன் பாதியைச் சமவெளியிலேயே தொலைத்துவிட்டு, மிச்ச நாளில் மலையை முடித்துவிடப் பார்க்கிறான். லேயில் தங்க வேண்டிய இரண்டு நாள்தான் முதலில் பலியாகிறது.

இதற்கு வழி ரயில். கன்னியாகுமரியிலிருந்து திருவனந்தபுரம் வழியாக ஜம்மு, கட்ரா போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் வாரம் ஒரு முறை. மூன்று நாள் பிரயாணம். வண்டியைப் பார்சலில் போடலாம். சாக்கும் வைக்கோலும் சுற்றிக் கட்டி, பெயரும் சேருமிடமும் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டு, ஆர்.சி. புத்தகத்தின் நகலைக் கொடுக்க வேண்டும். நாம் போகும் ரயிலிலேயே வண்டியும் வரும் என்று நிச்சயமில்லை, அதற்கு ஒரு நாள் உபரியாக வைத்துக்கொள்ளலாம். அப்படியும் மொத்தம் மூன்று வாரம் வேண்டும். லீவு கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் போகலாம். மலை அங்கேதான் இருக்கும்.

பார்சலில் போடும்போது டாங்கில் ஒரு சொட்டுப் பெட்ரோல் இருக்க விடமாட்டார்கள். எனவே திரும்பி வந்து தம்பானூர் ஸ்டேஷனில் வண்டியை இறக்கியதும், இமயமலையையே ஏறி வந்த புல்லட்டாக இருந்தாலும், பக்கத்துப் பங்கு வரை தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.