அளவுகோலை அளப்பது எவ்வாறு?

ஒரு கணினி நிரல் மெதுவாக ஓடுகிறது. அதில் நூறாயிரம் வரிகள் உள்ளன. எந்த வரியில் காலம் கரைகிறது என்பதை எப்படி அறிவது? படித்துப் பார்த்து ஊகிப்பவர் பெரும்பாலும் தவறான இடத்தையே சுட்டுவார். அமெரிக்க அறிஞர் டானல்ட் கனூத், ஃபோர்ட்ரான் மொழியில் எழுதப்பெற்ற நிரல்களை ஆராய்ந்து 1971-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு நிரலின் ஓட்ட நேரத்தில் பாதிக்கு மேல், அந்நிரலின் நூற்றுக்கு 4 பங்குக்கும் குறைவான பகுதியிலேயே பொதுவாகச் செலவாகிறது என்பது அவர் கண்ட முடிவு. அந்த 4 பங்கு எதுவெனக் கண்டவர் ஒரு நாளில் பயன் காண்பார். எஞ்சிய 96 பங்கைத் திருத்த முற்பட்டவர் ஆண்டு முழுதும் உழைத்தாலும் பயன் காண்பது அரிது.

அவ்விடத்தைக் காட்டித் தரும் கருவியைப் புரொஃபைலர் என்பர். நாம் அதனைத் 'திறனளவி' என்று அழைப்போம். அது இயங்கும் முறை எளியது. தலைமையாசிரியர் ஒருவர் ஒரு வகுப்பை நாள்தோறும் 40 முறை எட்டிப் பார்க்கிறார் என்று கொள்க. 30 முறை இலக்கணமும் 10 முறை செய்யுளும் நடக்கக் கண்டால், காலத்தில் முக்கால் பங்கு இலக்கணத்திற்குப் போகிறது என்று அவர் சொல்லிவிடலாம். கையில் கடிகாரம் தேவையில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் கெர்னல் மூலநிரலோடு 2009 முதல் சேர்ந்து வரும் 'பெர்ஃப்' என்னும் திறனளவியும் இதையே செய்கிறது. வேறு கட்டளை தராவிடில், நொடிக்கு 4000 முறை எட்டிப் பார்க்க அது முயலும். மையச் செயலகம் அக்கணத்தில் எந்தச் செயற்கூற்றில் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்ளும்.

இந்தக் கருவி சரியாக அளக்கிறது என்பதற்கு யார் பொறுப்பு? கூட்டல் செய்யும் நிரலைச் சோதிப்பது எளிது. இரண்டும் இரண்டும் கொடுத்தால் நான்கு வரவேண்டும், வராவிட்டால் தவறு. திறனளவியோ ஒவ்வொரு முறையும் சற்றே வேறு விடை தரும். அதைவிடப் பெரிய இடர், சரியான விடை இன்னதென்று நமக்கே தெரியாமையாகும். தெரிந்திருந்தால் கருவியை நாடியிருக்க மாட்டோம் அல்லவா?

இது வீண் ஐயம் அன்று. மைட்கோவிச் முதலிய ஆராய்ச்சியாளர் நால்வர், ஜாவா மொழிக்கெனப் பயன்பட்டு வந்த நான்கு திறனளவிகளை ஒப்பிட்டு 2010-இல் ஆய்வொன்றை வெளியிட்டனர். ஒரே நிரலில் மிகுதியாக நேரம் கொள்ளும் செயற்கூறு எது என்று கேட்டால், அந்நான்கும் அடிக்கடி வெவ்வேறு பெயர்களைச் சொல்லின. காரணம் யாது? ஓடும் நிரல் 'இங்கே நிற்கலாம்' என்று ஒப்புக்கொள்ளும் சில இடங்களில் மட்டுமே அவை மாதிரி எடுத்தன. ஆசிரியர் கதவைத் திறக்கும்போது மட்டும் உள்ளே பார்க்க முடிந்த ஆய்வாளரின் நிலை அது. கதவு மூடியிருக்கும்போது நடந்த பாடம் அவர் ஏட்டில் ஏறாது. அக்கருவிகள் இடையில் நின்றுவிடவில்லை, பிழைச்செய்தி எதையும் காட்டவுமில்லை. அழகான அட்டவணையாகத் தவறான விடையைத் தந்தன. இதுவே அஞ்சத்தக்கது.

அவ்வாராய்ச்சியாளர்கள் கையாண்ட வழியே நல்ல சோதனைக்கும் அடிப்படை எனலாம். ஒரு செயற்கூற்றை வேண்டுமென்றே தாமதப்படுத்தி, அந்தத் தாமதம் திறனளவியின் கணக்கில் ஏறுகிறதா என்று பார்த்தனர். கடைக்காரரின் தராசைச் சோதிக்க வருபவர் அரிசியைக் கொண்டு வருவதில்லை. எடை தெரிந்த படிக்கல்லைக் கொண்டு வருகிறார்.

பெர்ஃப் கருவிக்குள்ளேயே 'பெர்ஃப் டெஸ்ட்' என்றொரு கட்டளை 2010 முதல் உண்டு. அதில் முதலில் இடம்பெற்ற சோதனை இரு சாட்சிகளை ஒப்பிடுவது. கெர்னலின் செயற்கூறுகளுடைய பெயரும் முகவரியும் கொண்ட பட்டியல் இரண்டு இடங்களில் கிடைக்கும். ஒன்று கோப்பில் உள்ளது, மற்றொன்று ஓடும் கெர்னல் தானே தருவது. இரண்டும் ஒத்திருக்க வேண்டும். முகவரி பிசகினால், ஒரு செயற்கூற்றின் பழி வேறொன்றின் மேல் விழும்.

படிக்கற்கள் பின்னர் வந்தன. முன்பு சில சோதனைகள், தமக்கு வேண்டிய சிறு நிரலைச் சோதனை நேரத்திலேயே நிரல்பெயர்ப்பியைக் கொண்டு ஆக்கிக்கொண்டன. நிரல்பெயர்ப்பி இல்லாத கணினியில் அவை நடவா. ஆகவே 2022-இன் இறுதியில் அத்தகைய சிறு நிரல்கள் கருவிக்குள்ளேயே வைக்கப்பட்டன. ஒன்று, சொன்ன நேரம் வரை ஒன்றும் செய்யாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். மற்றொன்று, அழைப்புச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் காலத்தைச் செலவிடும். அழைத்தவர் பெயரைக் கருவி விடாமல் சொல்கிறதா என்பதைப் பார்க்க அது உதவும். இவற்றை எழுதுவதும் எளிதன்று. இன்றைய நிரல்பெயர்ப்பிகள் கெட்டிக்காரத்தனம் மிக்கவை. பயனில்லாத சுற்றைக் கண்டால் நீக்கிவிடும். சிறிய செயற்கூற்றை அழைத்தவருக்குள்ளேயே கரைத்துவிடும். 'இதைத் தொடாதே' என்று தெளிவாகக் குறித்து வைக்காவிட்டால் படிக்கல் ஓட்டத்திற்கு முன்பே மறைந்துவிடும்.

அடுத்து, எவ்வளவு வேறுபாட்டைப் பொறுப்பது என்ற வினா. ஒரு செயற்கூறு உண்மையில் நூற்றுக்கு 70 பங்கு நேரம் கொள்கிறது என்போம். 100 மாதிரிகள் மட்டும் எடுத்து, விடை 65-க்கும் 75-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்று விதித்தால், கருவி குற்றமற்றதாயினும் ஏறத்தாழ நான்கு முறைக்கு ஒரு முறை சோதனை தவறும். 10,000 மாதிரிகள் எடுத்தால் அந்த எல்லைக்குள் விடை நின்றே தீரும் எனலாம். நொடிக்கு 4000 என்ற வேகத்தில் அதற்கு இரண்டரை நொடி போதும். அந்த இரண்டரை நொடியை மிச்சப்படுத்த முயன்று மாதக்கணக்கில் தொல்லைப்படுவோரை என்னென்பது!

தொல்லை என்பது மிகைச்சொல் அன்று. நூற்றில் ஒரு முறை பொய்யாகத் தவறும் சோதனைகள் 100 இருந்தால், அனைத்தையும் ஒரு சுற்று ஓட்டும்போது ஒன்றேனும் பொய்யாகத் தவறுவதற்கு வாய்ப்பு நூற்றுக்கு 63. நாள்தோறும் காரணமின்றி அடிக்கும் மணியை யார் மதிப்பார்? மெய்யான பிழை வந்து மணி அடிக்கும் நாளிலும், 'வழக்கம்போல்' என்று தள்ளிவிடுவர். இதற்குச் சிலர் காணும் மருந்து, தவறிய சோதனையை மும்முறை ஓட்டி ஒருமுறை தேறினாலும் தேறியதாகக் கொள்வது. இதை நான் ஏற்கவில்லை. மூன்றில் இரு முறை பொய் சொல்லும் கருவியும் அவ்வழியில் தேறிவிடும். மாதிரிகளைக் கூட்டலாம். அக்கம்பக்கத்து இரைச்சல் இல்லாமல் தனியே ஓட வேண்டிய சோதனைகளைத் தனியே ஓட்டலாம். நேரத்தை விடுத்து, நிறைவேறிய ஆணைகளின் எண்ணிக்கையைச் சரிபார்க்கலாம். நேரத்தைப்போல் அது ஆடாது.

'தேறியது', 'தவறியது' என்பவற்றோடு பெர்ஃப் சோதனையில் 'தவிர்க்கப்பட்டது' என்ற மூன்றாம் விடையும் உண்டு. மெய்நிகர்க் கணினியில் வன்பொருள் எண்ணிகள் கிடைக்காமற் போகலாம். பயனருக்கு உரிமை இல்லாதிருக்கலாம். அங்கே தவறியது என்பதும் பொய், தேறியது என்பதும் பொய். தவிர்ப்பதே நேர்மை. ஆயினும் தவிர்த்தவற்றை எண்ணி வைக்க வேண்டும். தேர்வுக்கு வராத மாணவரைக் கணக்கில் விட்டுத் தேர்ச்சி விழுக்காடு சொல்வது எத்தகையது என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள். ஒவ்வொரு சோதனையும் ஒரு கணினியிலேனும் மெய்யாக நடந்திருக்க வேண்டும்.

சோதனையை எழுதிவிட்டால் வேலை முடிந்துவிடாது. வன்பொருள் மாறும்போது அதுவும் மாற வேண்டும். 2021-இல் இன்டெல் நிறுவனம் 'ஆல்டர் லேக்' வரிசையை வெளியிட்டது. அதன் பல மாதிரிகளில் விரைவுக் கருக்களும் சிக்கனக் கருக்களும் ஒரே சில்லில் அமைந்தன. அதுவரை ஒரே வரியில் வந்த சுழற்சிக் கணக்கு, பெர்ஃப் வெளியீட்டில் வகைக்கொன்றாக இரு வரிகளில் வரலாயிற்று. நிரல் ஓடாத வகைக்கு எதிரே எண்ணுக்குப் பதில் 'எண்ணப்படவில்லை' என்ற குறிப்பு நிற்கும். ஒரு வரியும் ஓர் எண்ணும் எதிர்பார்த்து எழுதப்பட்ட சோதனை இங்கே தவறும். குற்றம் கருவியினுடையது அன்று. எண் இல்லாவிட்டாலும் சரி என்று விதியைத் தளர்த்திவிட்டால், கருவி ஒன்றையுமே எண்ணாத நாளிலும் சோதனை தேறிவிடும். ஒரு வரியில் அக்குறிப்பு வந்தால் மற்ற வரியில் எண் இருந்தே ஆகவேண்டும் என்று விதியைத் திருத்தி எழுதுவதே பராமரிப்பவரின் பணி.