நடையும் தளருது... நினைவும் தளருது!
"வயசாச்சு" என்று விட்டு விடாதீர்கள்

ஏற்காடு:-
சேலத்தில் பஸ் ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். அதைத் தாண்டினால் ஏற்காடு. இன்னும் மேலே போனால், 5 ஆயிரத்து 300 அடி உயரத்தில் சேர்வராயன் கோவில். மே மாதத் திருவிழாவுக்கு மலைக்கிராம மக்கள் திரண்டு வருவார்கள்.

போன வருஷம் பேரன்களுக்கு முன்னால் மேடு ஏறிய தாத்தா, இந்த வருஷம் பாதி வழியில் நிற்கிறார் என்று வைத்துக் கொள்வோம். சாவியை வைத்த இடமும் அவருக்கு மறந்து போகிறது. வீட்டில் என்ன சொல்வார்கள்? "வயசாச்சு, அப்படித்தான்!"

இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் அது அபாய அறிவிப்பாக இருக்கலாம்.

17 நாடுகளில் ஆராய்ச்சி

இதைக் கண்டு சொன்னவர் டாக்டர் ஜோ வர்கீஸ். இந்தியாவில் மருத்துவம் படித்து, நியூயார்க்கில் உள்ள ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் நிபுணராக இருந்தவர். நடை மெதுவாகி, மறதியும் இருப்பதாகச் சொல்லும் முதியவர்களை அவர் தனியாகக் கவனித்தார். நடமாட முடியாதவர்களையும், ஏற்கனவே மறதி நோய் வந்தவர்களையும் இதில் சேர்க்கவில்லை. 2013-ம் ஆண்டு இந்த நிலைக்கு ஒரு பெயரும் வைத்தார்.

2014-ல் முடிவு வெளியானது. 17 நாடுகளைச் சேர்ந்த 26 ஆயிரத்து 802 பேரின் விவரங்கள் அதில் அலசப்பட்டன. 100 பேரில் சுமார் 10 பேருக்கு இந்த இரண்டு குறையும் இருந்தது. அவர்களுக்குப் பிற்காலத்தில் மூளைத்திறன் குறையும் ஆபத்து ஏறக்குறைய 2 மடங்கு! நம் பக்கத்து கோழிக்கோட்டிலும் இந்த ஆராய்ச்சி நடந்தது.

காலுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்?

நடப்பது கால்தான். நடத்துவது மூளை. கல் எங்கே, பள்ளம் எங்கே, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அடிக்கு அடி மூளை கணக்குப் போடுகிறது. அதனால்தான் சில முதியவர்கள் பேச்சுக் கொடுத்தால் நடையை நிறுத்தி விடுகிறார்கள். இரண்டு வேலையை ஒரே நேரத்தில் பார்க்க மூளை திணறுகிறது.

பயம் வேண்டாம்

மெதுவாக நடக்கும் எல்லோருக்கும் மறதி நோய் வந்து விடாது. மூட்டு வலி, கண் புரை, சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போவது ஆகியவையும் நடையைக் குறைக்கும். வைட்டமின் பி-12 குறைவு, தைராய்டு கோளாறு இருந்தாலும் மறதி வரலாம். இவற்றுக்கு சிகிச்சை உண்டு. அதனால்தான் சீக்கிரம் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான கணக்கு சொல்கிறது. மலைக்காற்றில் வாழ்கிறவருக்கு அது வராது என்று எண்ணிவிடக் கூடாது.

சோதிக்க பெரிய எந்திரம் தேவையில்லை. வாசலில் இருந்து தெருமுனை வரை பெரியவரை நடக்கச் சொல்லி, கடிகாரத்தைப் பாருங்கள். சில மாதம் கழித்து மறுபடியும் பாருங்கள். நேரம் கூடிக்கொண்டே போய், மறதியும் இருந்தால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

நடை மருந்தாகவும் உதவலாம். அமெரிக்காவில் முதியவர்கள் ஒரு வருஷம், வாரம் 3 நாள், 40 நிமிடம் வரை நடந்தார்கள். நினைவைக் காக்கும் மூளைப் பகுதி 2 சதவீதம் வளர்ந்திருந்தது. இது 2011-ல் வெளியான தகவல்.

சாயங்காலம் அப்பாவோடு கொஞ்ச தூரம் நடந்துதான் பாருங்களேன். அவர் பின்தங்குகிறாரா என்று உங்களுக்கே தெரிந்து விடும்.